நைனாவின் நைனா பேசியபோது

அந்தப் பெண் என் கடைக்குள் வந்த நேரத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட வந்த நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது எனக்கு. சென்னையில் எங்கோ கம்ப்யூட்டர் நின்றால்கூட அதற்கு நான்தான் காரணம் என்பது போல ஊர் என்னைப் பார்க்கும். பழகிவிட்டது.

அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பெரிய பை, காலில் ஷூ, வெயிலில் நடந்து சிவந்த முகம்.

"அக்கா, இந்த போட்டோவ பெருசாக்கி ஒரு பத்து காப்பி எடுக்கணும். ஒரிஜினல் பழசு. கொஞ்சம் பார்த்து எடுங்க."

பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். மெஷின் கண்ணாடியில் கவிழ்க்கும் முன் அதைப் பார்த்தேன்.

ஒரு ஆள் கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். கறுப்புக் கோட்டு, பஞ்சகச்சம், தலையிலும் மீசையிலும் மாவு. வாய் காதுவரை பிளந்திருக்கிறது. கண் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல. யார் பார்த்தாலும் சிரிப்பு வரும் படம். பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தே விட்டாள்.

நான் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினேன். அந்த ஆளின் இடது புருவம் நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது. அதே புருவம், அதே மூக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தில் தினமும் காலையில் விளக்கேற்றும்போது நான் பார்ப்பது. அந்தப் படத்தில் அவர் தலைப்பாகை கட்டி, உதட்டை இறுக்கி, தப்புச் செய்தவனை விசாரிக்கிற நீதிபதி போல உட்கார்ந்திருப்பார். எங்கள் நைனாவின் நைனா. என் தாத்தா.

"இவரு யாரு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அதுக்குத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கேன். பின்னாடி பாருங்க."

திருப்பினேன். பென்சிலில் ஒரு பெயர், அதற்குக் கீழே 'திருத்தணி'. அந்தப் பெயரின் முதல் எழுத்தைத்தான் நைனா தன் பெயருக்கு முன்னால் போட்டு வாழ்நாள் முழுவதும் கையெழுத்திட்டிருக்கிறார்.

பெஞ்சில் இருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.

சென்னையில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் தகர டப்பாக்கள் கிடைத்திருக்கின்றன. உள்ளே படச்சுருள்கள். அவளும் இன்னும் சிலரும் பழைய சினிமாக்களைத் தேடிப் பாதுகாக்கிறவர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிச் சுத்தம் செய்து பார்த்தால், அது ஒரு சிரிப்புப் படம். ஊமைப் படமாக எடுத்து முக்கால்வாசி முடித்த சமயத்தில் ஊரெல்லாம் பேசும் படம் வரத் தொடங்கிவிட்டது. இனி ஊமைப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று பயந்து, கடைசிப் பகுதியை மட்டும் பம்பாய்க்குப் போய்ச் சத்தத்தோடு எடுத்திருக்கிறார்கள்.

"இந்தப் படத்துல இவருதான் ஹீரோ அக்கா. காமெடி ஹீரோ. வேற எந்தப் படத்துலயும் இவரு இல்ல. இதுக்கப்புறம் என்ன ஆனாருன்னே தெரியல."

எனக்குத் தெரியும். அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நைனாவுக்கு ஒன்றரை வயதாகும்போது காமாலையில் செத்துப்போனார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் மெட்ராசில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா என்று நைனாவின் அம்மா சொல்லியிருந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டார், சிரித்ததே கிடையாது என்றும் சொல்லியிருந்தாள்.

நைனா கூடத்தில் மாட்டிய படத்தைப் பார்த்தே வளர்ந்தவர். தகப்பன் எப்படியோ அப்படியே தானும் இருக்க வேண்டும் என்று தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டவர். முப்பத்தி நாலு வருடம் பஸ் டிரைவர், பெரும்பாலும் திருப்பதி ரூட். ஆனால் அவர் ஓட்டிய பஸ்ஸில் பாட்டுக்கூடக் கேட்காது. எங்கள் வீட்டில் சினிமா கிடையாது. டிவி வந்த பிறகும் செய்தி மட்டும்தான். அண்ணன் பத்தாவது படிக்கும்போது அரக்கோணத்தில் ஒரு சினிமா கொட்டாய்க்குப் போனது தெரிந்து, காக்கிப் பேண்டிலிருந்த பெல்ட்டைக் கழற்றி அடித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.

அதற்கும் காரணம் இருந்தது. நைனாவின் அம்மா அவரிடம் சின்ன வயதிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். "நீ சினிமா கொட்டாய்ல கால் வச்சா, என் பொணத்த மிதிச்சிகினு போன மாதிரிடா" என்று சொன்னாளாம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நைனா யாரையும் எதுவும் கேட்கிறவர் இல்லை. அவர் பேசுவதே அபூர்வம்.

அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. நைனாவின் குரல் ஆண் குரல் மாதிரி இருக்காது. மெல்லியது. உச்சியில் நிற்கும். ஆறடி உயரமும் பெரிய மீசையும் இருக்கிற மனிதனிடமிருந்து அந்தக் குரல் வரும்போது புதிதாகக் கேட்கிறவர்கள் சுற்றிலும் பார்ப்பார்கள், வேறு யாரோ பேசுகிறார்கள் என்று. போனில் பேசினால், "அம்மா, வீட்ல சார் இல்லீங்களா?" என்பார்கள். அதனால் போனைத் தொடவே மாட்டார். சின்ன வயதில் தொண்டையில் கோளாறு என்று அவர் அம்மா கஷாயம் கொடுத்திருக்கிறாள், வைத்தியர்களிடம் அலைந்திருக்கிறாள், மலைமேல் முருகனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளியில் தொண்டை செய்து போட்டிருக்கிறாள். எதுவும் நடக்கவில்லை. "வாயத் தொறக்காத, ஊர் சிரிக்கும்" என்பதுதான் அவர் அம்மாவிடம் அதிகம் கேட்ட வார்த்தை என்று என் அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒரு காப்பியை என்னிடம் வைத்துக்கொண்டு அவளை அனுப்பினேன். மூன்று நாள் அந்தக் காப்பி என் கைப்பையிலேயே இருந்தது. கணவரிடம் மட்டும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "மாமாகிட்ட காட்டாத. நெஞ்சு அடச்சிக்கும்" என்றார். பிறகு பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு போன் செய்தேன்.

விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற?" என்றான். "தாத்தா சினிமாகாரரா?"

"ஆங்."

"அப்ப என்ன எதுக்குடி அன்னிக்கு அப்டி அடிச்சாரு?"

நாற்பது வருடத்துக்கு முந்தைய அடி. ஐம்பத்தாறு வயது மனிதன் போனில் அழுகிறான்.

நான்காம் நாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்த நைனாவின் முன்னால் காப்பியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பார்த்தார். கூடத்தில் மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"இது எங்க நைனா இல்ல."

"புருவத்தப் பாருங்க நைனா."

"எவன்னா மூஞ்சி மாதிரி மூஞ்சி இருக்காதா?"

"பின்னாடி பேர் எழுதி இருக்குது. ஊரும் இருக்குது."

காபி ஆறி ஆடை கட்டியது. நான் அந்தப் பெண் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. நான் பயந்தேன், நாடி பிடித்துப் பார்க்கலாமா என்று. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேசறாரா?"

"இன்னா நைனா?"

"அந்தப் படத்துல. கடைசில சத்தம் இருக்குதுன்னியே. எங்க நைனா பேசறாரா?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. இந்த எண்பத்து மூன்று வயது மனிதன் தன் தகப்பன் குரலைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் ஒன்றரை வயதில் கேட்டது. நான் போன் செய்து கேட்டேன். பேசுகிறார், கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம் என்றாள் அந்தப் பெண். சுத்தம் செய்த படத்தை அடுத்த மாதம் சென்னையில் ஒரு சின்ன அரங்கத்தில் முதன்முதலாகத் திரையிடுகிறார்கள், குடும்பமாக வர வேண்டும் என்றாள். அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சே குழறியது.

சத்தியத்தைப் பற்றி நைனா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திரையிடும் அன்றைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. காலை மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மணவூர் தாண்டும்போது, "தொண்ட வறண்டு போச்சும்மா" என்றார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். திருவள்ளூர் வருவதற்குள் காய்ந்துவிட்டது.

அரங்கத்தில் நூறு பேர் இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், வயதானவர்கள், சில வெளிநாட்டுக்காரர்கள். எங்களை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நைனா மறுத்துவிட்டுக் கடைசிக்கு முந்தின வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். தியேட்டர் நாற்காலி தானாக மடங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. சத்தமே இல்லாமல் படம் ஓடியது. தாத்தா பெண் பார்க்கக் கிளம்புகிறார். கோட்டைக் கடன் வாங்குகிறார், மீசைக்கு நெய் தடவுகிறார், வழியில் ஆற்றில் இறங்கிக் குளிக்கிறார். கோட்டை மாட்டி நிமிர்வதற்குள், கரையில் வைத்த பழமூட்டையைக் கழுதை தூக்கிக்கொண்டு ஓடுகிறது. துரத்துகிறார். மாவு மில்லுக்குள் புகுந்து வெளியே வருகிறார். நடுநடுவே எழுத்து அட்டை வரும், தமிழிலும் தெலுங்கிலும். நைனா இரண்டையும் உதட்டுக்குள் படித்துக்கொண்டார்.

என்னால் நம்ப முடியவில்லை. என்ன உடம்பு அது! ஓடுகிற கழுதையின் வாலைப் பிடித்து வெறுங்காலில் வழுக்கிக்கொண்டு போகிறார். விழுந்து, எழுந்து, தூசியைத் தட்டி, கழுதைக்கு ஒரு கும்பிடு போடுகிறார். அரங்கம் அதிர்ந்தது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பக்கத்தில் நைனாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. திரையில், குளத்தங்கரையில் அவர் பார்க்கப் போகும் பெண் தாத்தாவைப் பார்த்து வெட்கப்படுகிறாள். பூ ஒன்றை எடுத்து வீசுகிறாள். 'இவரையன்றி வேறொருவரை மணம் புரியேன்' என்று அட்டை வருகிறது. கைதட்டினார்கள்.

அப்புறம் திரை ஒரு நொடி கறுத்து, கரகரவென்று ஒரு இரைச்சல். எங்கோ பித்தளைச் சொம்பு உருளும் சத்தம். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெண் வீட்டுக் கூடம். மாமனார் கேட்கிறார், கனத்த குரலில்: "மாப்பிள்ளை கழுதைமேல் ஏறியா வந்தீர்?"

தாத்தா எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்தார்.

"மாமா! நான் கழுதைமேல் வரவில்லை. கழுதைதான் என்மேல் வந்தது!"

அது நைனாவின் குரல்.

மாதிரி என்று சொல்லமாட்டேன். அதேதான். அந்த உச்சி, அந்த மெல்லிசு, வார்த்தையின் கடைசியில் கொஞ்சம் உடைகிறதே, அதுகூட. பிறந்ததிலிருந்து நான் கேட்டுவருகிற குரல், நான் பிறப்பதற்கு முப்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவரின் வாயிலிருந்து வருகிறது. நைனாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியின் தடம் இரண்டு நாள் இருந்தது.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. முதலில் அந்த வசனத்துக்காகச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. குரலுக்குச் சிரிக்கிறார்கள். படத்திலேயே அப்படித்தான் வைத்திருந்தார்கள். தாத்தா பேசியதும் மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறார். வீட்டுச் சிறுசுகள் அவர் பின்னாலேயே வந்து கீச்சுக் குரலில் பேசிக் காட்டுகின்றன. பூவை வீசிய அதே பெண், "ஐயோ, இது மாப்பிள்ளையா, மைனாவா?" என்று முகத்தை மூடிக்கொள்கிறாள். தாத்தா விளக்கம் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் கூடம் சிரிக்கிறது. கடைசியில் அவருக்குக் கோட்டு கடன் கொடுத்தானே ஒரு நண்பன், கனத்த குரல்காரன், அவனுக்கு அந்தப் பெண்ணைப் பேசி முடிக்கிறார்கள்.

கதையையே மாற்றிவிட்டார்கள் என்பது எனக்கு அந்த இருட்டிலேயே புரிந்தது. சத்தம் வந்தபிறகு அவருடைய குரலைக் கேட்டிருக்கிறார்கள். முக்கால் படம் எடுத்தாயிற்று, ஆளை மாற்ற முடியாது. அதனால் ஆளைக் கோமாளியாக்கிவிட்டார்கள். அவர் முன்னாலேயே, அவரையே நடிக்கவைத்து.

பக்கத்தில் நாற்காலி படாரென்று மடங்கிய சத்தம் கேட்டது. நைனா எழுந்து நின்றிருந்தார்.

"எதுக்குய்யா சிரிக்கிறீங்க?"

திரையில் கேட்ட அதே குரல், பின்னாலிருந்து. சிரிப்பு கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. நூறு தலையும் திரும்பியது. ஒரு பெண் "அம்மாடி" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கே ஒரு கணம் எது படம், எது நைனா என்று குழம்பியது.

"அவரு எங்க நைனா. அவரு குரலே அப்டித்தான். எங் குரலும் அப்டித்தான். இதுல சிரிக்க இன்னா இருக்குது?"

எண்பத்து மூன்று வருடத்தில் அவர் கூட்டத்தின் முன் பேசிய முதல் பேச்சு அது. அவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. யாரோ படத்தை நிறுத்தினார்கள். விளக்கு போட்டார்கள். எங்களை அழைத்த அந்தப் பெண் முன்வரிசையிலிருந்து ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. எங்களுக்குத் தெரியாது. இந்தக் குரல் டப்பிங்குன்னு நெனச்சோம். வேற யாரோ வேணும்னே அப்படிப் பேசியிருக்காங்கன்னு..."

நைனா அவளைப் பார்த்தார். கோபம் அவர் முகத்தில் இல்லை. பஸ் மோதி நின்ற பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவனின் முகம் எப்படியிருக்கும், அப்படியிருந்தது.

"மீதிய ஓட்டும்மா," என்றார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம். அவரு பேசறத முழுசா கேக்கணும்."

மீதி ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. முகூர்த்த மேளம் கேட்கிறது, தாத்தா வாசலில் நிற்கிறார், கோட்டைக் கழற்றி நண்பனிடம் கொடுத்துவிட்டுக் கழுதையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து நடக்கிறார். கடைசி ஒரு நிமிடம் சத்தம் அழிந்துபோயிருந்தது. கழுதையின் காதருகே குனிந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். உதடு மட்டும் அசைகிறது. நைனா முன்னால் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டார். அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்ததும் பலர் வந்து அவர் கையைப் பிடித்தார்கள். ஒரு கல்லூரிப் பையன் காலில் விழப் போனான். நைனா நகர்ந்துகொண்டார். ரயில் பெரம்பூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"கஷாயம் குடுத்தாம்மா. வேப்பங்கொழுந்து, மொளகு, இன்னும் என்னென்னமோ. கொமட்டிகினு வரும். மூக்கப் புடிச்சி ஊத்துவா."

"தெரியும் நைனா."

"நோவுன்னு நெனச்சிகினு இருந்தேன். எண்பது வருஷமா. எனக்கு என்னமோ நோவு, அத எங்கம்மா வெளிய சொல்லாம மறைக்கறான்னு." அவர் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். "அவளுக்குத் தெரியும். நான் வாயத் தொறந்த மொத நாளே தெரிஞ்சிருக்கும். எங்க நைனா கொரலுன்னு ஒரே ஒரு தபா சொல்லியிருந்தா போதும். சொல்லல பாரு."

எதிர் சீட்டில் இருந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். வழக்கமாக அப்படிப் பார்த்தால் நைனா வாயை மூடிக்கொள்வார். அன்றைக்கு மூடவில்லை.

"அவ மேல கோவமா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. புருசன ஊரே கேலி பண்ணி அனுப்பியிருக்குது. புள்ளயும் அதே கொரலோட பொறந்துட்டான். அவ பயந்துகினா போல. நா இன்னா கண்டேன்." திருவள்ளூர் தாண்டியபின், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "அந்தாள எவ்ளோ பேர் சேந்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அரக்கோணம் வந்துவிட்டது.

மறுநாள் நான் கடைக்குக் கிளம்பும்போது என் போனைக் கேட்டார். அண்ணன் நம்பரைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அண்ணன் எடுத்ததும் நான்தான் பேசுகிறேன் என்று நினைத்து, "சொல்லுடி" என்றிருக்கிறான்.

"நான்டா, நைனா."

அந்தப் பக்கம் அண்ணனுக்கு என்ன ஆனதோ. கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னான். அவன் பெங்களூர் போன இருபத்தெட்டு வருடத்தில் நைனா போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"உன்ன அன்னிக்கு பெல்ட்டால அடிச்சேனே," என்றார் நைனா. "தப்புடா."

போனை என்னிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அண்ணன் அந்தச் சனிக்கிழமையே ஊருக்கு வந்து இறங்கினான். மதியம் நைனாவும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். இந்த முறை ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் அழிந்துபோன கடைசி நிமிடத்துக்கு நைனா குரல் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். இரண்டு குரலும் ஒன்றுதான், யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, படம் முழுமையாகிவிடும் என்றாள். சரி என்று சொல்லிவிடுங்கள் நைனா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அந்த எடத்துல அவரு இன்னா பேசனாருன்னு எழுதி வச்சிருக்குதாம்மா?" என்று கேட்டார் நைனா.

"இல்லீங்கய்யா. வசனப் பேப்பர் எதுவும் கிடைக்கல. நீங்களா ஏதாவது..."

"அவரு மனசுல இருந்தத நான் எப்டிம்மா சொல்றது? ஏற்கெனவே ஒருதபா மத்தவங்க அவர் வாயில வார்த்தய வச்சிட்டாங்க. நானும் வைக்க வேணாம்."

அவளுக்கு ஏமாற்றம்தான். எனக்கும்தான். ஆனால் அவள் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து, வேறு சுருள் எங்காவது கிடைத்தால் சொல்லச் சொன்னார். கிடைத்தால் வருவேன் என்றார்.

இது நடந்து முக்கால் வருடமாகிறது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. திருப்பதி பஸ் ஒன்று கிளம்பியது. படியில் ஒரு காலை வைத்த ஒரு அம்மாள், இன்னொரு கால் தரையில், கையில் கூடை. டிரைவர் பார்க்கவில்லை. அவள் தத்திக்கொண்டே கூட ஓடுகிறாள். சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் எல்லோரும் வாயடைத்து நின்றுவிட்டோம்.

"டேய்! நிறுத்துடா வண்டிய!"

ஹாரன், கூவல், கடைப் பாட்டு எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போனது அந்தச் சத்தம். தாழ்ந்த குரலாக இருந்திருந்தால் அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிருக்கும். பஸ் குலுங்கி நின்றது. டீக்கடை வாசலில் கையில் கிளாசோடு நைனா நின்றிருந்தார். அவரும் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. நேராக டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். கண்ணாடி பார்த்து வண்டி எடுப்பது எப்படி என்று, ஊர் பூராவும் கேட்கிற மாதிரி, ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார். இரண்டு இளவட்டங்கள் அவர் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் திரும்பி அவர்களையும் ஒரு பிடி பிடித்தார்.

அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"இன்னாம்மா இங்க?" என்றார். "டீ குடிக்கிறியா?"

குடிக்கிறேன் என்று தலையாட்டினேன். கடைக்காரரைப் பார்த்து, நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி, இன்னொரு டீ சொன்னார்.